பி.கே. சுப்பன் தமிழரா?

கேள்வி: 2025 ஜனவரி 8

ஈ.எஸ்.பி.என் இல் ஐஸ் ஹொக்கி பற்றிப் பேசுகிற பி.கே. சுப்பன் என்று ஒருவரைப் பார்த்தேன். கறுப்பினத்தவர். கண்ணைப் பறிக்கிற கோட்டு, ஓயாத வாய். சுப்பன் என்பது நம் ஊர்ப் பெயர் அல்லவா, இவர் தமிழரா? இன்னொன்று: உண்மையிலேயே பெரிய வீரரா, அல்லது ரிவியில் சத்தம் போடத் தெரிந்ததால் வந்த பேரா? மொன்றியலில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2025 ஜனவரி 8, இரவு 11.40

தமிழர் இல்லை, தம்பி. பி.கே என்பது பேர்னெல் கார்ல். 1989 மே 13 இல் ரொறன்ரோவில் பிறந்தவர். தகப்பன் கார்ல் யமேக்காவிலிருந்து வந்தவர், தாய் மரியா மொன்செராற் தீவு. 1845 இலிருந்து இந்தியாவிலிருந்து யமேக்காவுக்குச் சனத்தை ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேற்றினார்கள் என்பது வரலாறு. அதற்காகப் பெயரின் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு உறவு கொண்டாட வெளிக்கிடுவது சரியில்லை. அந்தக் குடும்பம் தங்களைச் சொல்வது கரீபியன் வழிவந்த கறுப்பினக் கனேடியர் என்று. அதுதான் அவர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. 2013 இல் என்.எச்.எல் (வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்) இன் மிகச் சிறந்த பின்வரிசை வீரர் என்று நொறிஸ் விருது வாங்கிய ஆளைப் பார்த்து இப்படிக் கேட்கிறீர்கள். நாளை வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

2025 ஜனவரி 9

சரி, கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 13 பருவங்கள், 834 ஆட்டங்கள், 115 கோல்கள், 352 உதவிகள் (மற்றவர் கோல் அடிக்கப் பக்கைக் கொடுத்தது), இரண்டையும் கூட்டினால் 467 புள்ளிகள். முதலில் மொன்றியல் கனேடியன்ஸ், பிறகு நாஷ்வில் பிறெடேற்றர்ஸ், கடைசியாய் நியூ ஜேர்சி டெவில்ஸ். 2022 செப்ரெம்பர் 20 இல் ஓய்வு. வயது 33. அதே நாளில் ஸ்டேனோ சாராவும் கீத் யாண்டிலும் விலகினார்கள். மூன்று பேரும் பின்வரிசைக்காரர்.

ஹொக்கி தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு அணியில் ஒரு நேரத்தில் ஐஸில் நிற்பது ஆறு பேர்: ஒரு கோலி (கோல் காப்பவர்), இரண்டு பின்வரிசை, மூன்று முன்வரிசை. பின்வரிசைக்காரரின் முதல் வேலை எதிரியை மறிப்பது. கோல் அடிப்பது மேலதிகம். ஆனால் சிலருக்கு மட்டும் இரண்டும் வரும். எதிரணியின் பகுதி தொடங்குகிற நீலக்கோட்டில் நின்றுகொண்டு, வருகிற பந்தைத் தரிக்காமலே ஓங்கி அடிப்பார் சுப்பன். பந்து என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அது பக், கறுப்பு றப்பர் வட்டு. பின்வரிசைக் கூட்டாளி அந்திரே மார்க்கோவ் மறுபக்கத்திலிருந்து தள்ளிவிடுவார், இவருடைய ஒரு முழங்கால் கிட்டத்தட்ட ஐஸைத் தொடும், தடி தலைக்கு மேலே போயிருக்கும். பக் எங்கே போனது என்று ரிவியில் தெரியாது. வலை அசைந்த பிறகுதான் விளங்கும்.

2011 மார்ச் 20, மினசோற்றாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல். கனேடியன்ஸ் வரலாற்றில் அறிமுகப் பருவத்துப் பின்வரிசை வீரர் ஒருவர் அதைச் செய்தது அதுதான் முதல் தடவை. 1909 இல் தொடங்கிய அணி அது.

2025 ஜனவரி 9, கொஞ்சம் பிந்தி

தகப்பனைப் பற்றி எழுதாமல் விட்டால் கதை நிற்காது.

கார்ல் சுப்பன் சின்னப் பெடியனாய் 1970 இல் யமேக்காவிலிருந்து ஒன்ராறியோவின் சட்பரிக்கு வந்தவர். நிக்கல் சுரங்க ஊர், கடும் குளிர். அக்கம்பக்கத்தில் பிரெஞ்சு பேசுகிற பிள்ளைகள், அவர்களோடு சேர்ந்து கனேடியன்ஸ் ரசிகராகிவிட்டார். வளர்ந்து ரொறன்ரோவில் பள்ளி அதிபரானார். பி.கே சின்னப்பிள்ளையாய் இருந்த காலத்தில் கார்லுக்குப் பின்னேரமும் வேலை. இரவு வீட்டுக்கு வந்து, குளிர் உடுப்போடேயே படுக்க வைத்திருக்கிற பிள்ளையை எழுப்பி, நகரசபைக்கு முன்னால் இருக்கிற நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்குக் கூட்டிப்போவார். அங்கே குளிர்காலத்தில் ஸ்கேற் பண்ணக் காசு கட்டத் தேவையில்லை. நடுச்சாமம் தாண்டியும் ஸ்கேற் ஓடுவார்கள். பாலர் வகுப்பு பின்னேரம் என்றபடியால் காலையில் பிள்ளை நித்திரை கொள்ளலாம்.

நான் 1991 இல் மொன்றியலுக்கு வந்தவன். முதல் ஏழு வருடம் இரவில் உணவகக் குசினி வேலை, கோப்பை கழுவுவதில் தொடங்கினேன். விடிய இரண்டு மணிக்குப் பஸ் பிடித்து கோட் டெ நேஜ் அறைக்கு வருவேன். அதனால் அந்த இரவு ஸ்கேற் கதையை முதல் தடவை கேட்டபோது என் மனம் போனது பிள்ளையிடம் இல்லை, தகப்பனிடம்தான். நாள் முழுக்க வேலை செய்த கால் எப்படி நோகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலோடு ஸ்கேற் கட்டியிருக்கிறார்.

வீட்டில் ஐந்து பிள்ளைகள். மூத்தவர்கள் இரண்டு பெண்கள். கீழே மூன்று ஆண்கள், மூன்று பேருமே என்.எச்.எல் தெரிவில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுப்பது) போனார்கள். பி.கே 2007 இல் மொன்றியலுக்கு, மல்கம் 2012 இல் பொஸ்ரனுக்குக் கோலியாக, ஜோர்டன் 2013 இல் வான்கூவருக்கு.

2025 ஜனவரி 11

"தெரிவில் எத்தனையாவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 43 ஆவது, இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் எல்லா அணியும் அவரைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு கனடா இளையோர் அணியில் 2008, 2009 இரண்டு உலகத் தங்கம். 2010 பெப்ரவரி 12 இல் பிலடெல்பியாவுக்கு எதிராக முதல் என்.எச்.எல் ஆட்டம். அந்த வசந்தத்தில் பிளேஓஃபுக்குள் (கிண்ணத்துக்கான வெளியேற்றுச் சுற்று) எட்டாவது இடத்தில் வந்த மொன்றியல், முதலிடத்து வாஷிங்டனையும் நடப்புச் சம்பியன் பிற்ஸ்பேர்க்கையும் வெளியேற்றியது. சுப்பனை வாஷிங்டன் தொடரின் ஆறாவது ஆட்டத்துக்குத்தான் கூப்பிட்டார்கள். 20 வயது. பிறகு வெளியே எடுக்கவேயில்லை.

2025 ஜனவரி 11, இரவு

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "அவர் அணிக்குள் பிரச்சினைக்காரர், அதனால்தான் விற்றார்கள்." இதைப் பத்து வருடமாய்க் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது.

ஹொக்கிக்கு ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. கோல் அடித்தால் பெரிதாய்க் கொண்டாடாதே, கேள்வி கேட்டால் "நாங்கள் நன்றாக ஆடினோம், அணியின் வெற்றி" என்று சொல்லிவிட்டுப் போ, "நான்" என்று வாயால் சொல்லாதே. கனடாவின் சின்ன ஊர்களில் வளர்ந்த பெடியங்களுக்குப் பத்து வயதிலேயே இது ஊறிவிடும். சுப்பனுக்கு ஊறவில்லை. சிரித்தார், கதைத்தார், எதிராளியைச் சீண்டினார், கோல் அடித்தால் வில் வளைக்கிற மாதிரிக் காட்டினார். 2010 இல் பிலடெல்பியாவின் அணித்தலைவர் மைக் றிச்சர்ட்ஸ், இந்தப் பெடியன் மூத்தவர்களை மதிப்பதில்லை என்று வெளிப்படையாய்ச் சொன்னார். அப்போது சுப்பன் ஆடியிருந்தது ஒரு சில டசின் ஆட்டங்கள்தான்.

வெற்றிக்குப் பிறகு கோலி கேரி பிறைசும் இவரும் கையைத் தாழ்த்தி மூன்று தரம் தட்டிக்கொள்வார்கள். மொன்றியலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதைச் செய்தார்கள், என் மகனும் செய்தான். 2013 இல் பயிற்சியாளர் மிஷெல் தெரியன் அதை நிறுத்தினார். மூன்று கைத்தட்டு! அதே பருவத்தில்தான் சுப்பன் நொறிஸ் விருது வாங்கினார். சம்பள ஒப்பந்தம் இழுபட்டு முதல் ஆட்டங்களைத் தவறவிட்டார், இரண்டு வருடத்துக்கு 57.5 லட்சம் டொலர் என்று குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு வந்து 42 ஆட்டத்தில் 38 புள்ளி எடுத்தார். அந்த நேரம் நீண்ட ஒப்பந்தம் கொடுக்காததால் 2014 ஓகஸ்ற்றில் எட்டு வருடத்துக்கு 7 கோடியே 20 லட்சம் கொடுக்க வேண்டி வந்தது. நிர்வாகம் தானே தேடிக்கொண்ட செலவு.

2025 ஜனவரி 14

மொன்றியல் ஏன் இவரை இவ்வளவு நேசித்தது என்பதற்குப் புள்ளிவிபரம் காணாது.

1993 ஜூன் 9 இல் கனேடியன்ஸ் கடைசியாய் ஸ்ரான்லி கிண்ணம் (என்.எச்.எல் சம்பியன் கிண்ணம்) வென்ற இரவு நான் செயின்ற் கத்தரின் வீதியில் இருந்தேன். வேலை முடிந்து வெளியே வந்தால் சனம் வெள்ளமாய் நிற்கிறது, பொலிஸ் கார் எரிகிறது, கடைக் கண்ணாடி நொறுங்குகிறது. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இரண்டு வருடம். எரிகிற வாகனத்தைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக் கிழவர் ஒருவர் என் தோளைத் தட்டி "வென்றுவிட்டோம், வென்றுவிட்டோம்" என்று அழுகிறார். சந்தோஷத்தில் இப்படிச் செய்கிறார்கள் என்று விளங்கவே எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. அன்றைக்குத்தான் இந்த ஊருக்கு ஹொக்கி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த விளையாட்டில் எங்களுக்கு இடம் இருக்கிறது என்று நினைத்ததில்லை. ரிவியில் தெரிந்த முகங்களும் பெயர்களும் எல்லாம் ஒரே விதம்.

என்.எச்.எல் இல் முதல் கறுப்பின வீரர் வில்லி ஓறீ பொஸ்ரன் அணிக்காக இறங்கியது 1958 ஜனவரி 18 இல், இதே மொன்றியலின் ஃபோறம் அரங்கில். அதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் சுப்பன் வருகிறார். என் மகன் 2009 இல் ஹொக்கி ஆடத் தொடங்கினான். அவனுடைய பத்தாவது வயதில், வெளியூர் அரங்கு ஒன்றில், எதிரணிப் பிள்ளை ஒன்றின் தகப்பன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று இவனுடைய நிறத்தைச் சொல்லிக் கத்தினார். மகன் ஆட்டம் முடிந்து காரில் ஒன்றுமே கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து தன் ஹெல்மெற்றில் 76 என்று எழுதி ஒட்டினான். சுப்பனின் எண்.

2025 ஜனவரி 14, தொடர்ச்சி

2014 மே 1, பொஸ்ரனோடு பிளேஓஃப் தொடர், பொஸ்ரனில் முதல் ஆட்டம். இரண்டாவது மேலதிக நேரத்தில் சுப்பன் கோல் அடித்து முடிக்கிறார். சில நிமிடத்தில் இணையம் முழுக்க அவரைப் பற்றி இனவெறிச் சொற்கள். பொஸ்ரன் நிர்வாகம் கண்டித்தது. மறுநாள் சுப்பன் செய்தியாளர் முன் வந்து, அது பொஸ்ரன் ரசிகர்களின் முகம் இல்லை, அந்த அணி மரியாதைக்குரிய அணி என்றார். 24 வயது. என் மகனும் நானும் அதைச் சேர்ந்து பார்த்தோம். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

"வாய் ஓயவில்லை" என்று எழுதினீர்களே. அதே வாய்தான் இது.

2025 ஜனவரி 17

சிறுவர் மருத்துவமனைக்கு அவர் 1 கோடி டொலர் "கொடுத்தார்" என்று வேறொரு இழையில் நான் எழுதியதைப் பிடித்து ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. 2015 செப்ரெம்பரில் சுப்பன் அறிவித்தது, ஏழு வருடத்தில் தன் அறக்கட்டளை மூலம் மொன்றியல் சிறுவர் மருத்துவமனைக்கு 1 கோடி டொலர் திரட்டித் தருவேன் என்ற வாக்கு. பைக்குள் கையை விட்டு ஒரே நாளில் எடுத்துக் கொடுத்தது அல்ல. கனடாவில் விளையாட்டு வீரர் ஒருவர் அதுவரை ஏற்றுக்கொண்டதில் மிகப் பெரிய வாக்கு அது. மருத்துவமனை முன்கூடத்துக்கு அவர் பெயர்.

அந்த முன்கூடத்தில் நான் இருந்திருக்கிறேன். தங்கையின் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை. நாலு மணித்தியாலம் அந்தப் பெயருக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அப்போது அவர் மொன்றியலில் இல்லை, அனுப்பிவிட்டிருந்தார்கள்.

2025 ஜனவரி 18

அந்த நாளுக்கு வருகிறேன். 2016 ஜூன் 29. ஜூலை 1 இலிருந்து அவருடைய சம்மதம் இல்லாமல் அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது என்ற நிபந்தனை அமுலுக்கு வர இருந்தது. இரண்டு நாள் முந்தி பொது முகாமையாளர் மார்க் பேர்ஜெவின் அவரை நாஷ்வில்லுக்குக் கொடுத்து ஷே வெபரை வாங்கினார். பின்வரிசைக்குப் பின்வரிசை, ஆளுக்கு ஆள். வெபர் நாலு வயது மூத்தவர்.

வேலையில் நின்றபோது மகன் கைபேசியில் ஒரே ஒரு வரி அனுப்பினான். நம்பவில்லை. பின்னேரம் பார்க் எக்ஸ்ரென்ஷன் கடைத்தெருவில் கிரேக்கர், பஞ்சாபியர், தமிழர், ஹெயிற்றிக்காரர் எல்லோரும் ஒரே கதை. ஒரு மருத்துவர் தன் சொந்தக் காசில் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் போட்டுத் தன் எதிர்ப்பைச் சொன்னார். அணியின் பழைய சாதனையாளர் ஒருவர் இறந்தால் இந்த ஊர் துக்கம் கொண்டாடும். உயிரோடு இருக்கிற ஆளுக்கு நான் கண்டது அதுதான் முதல்.

2025 ஜனவரி 19

நேற்று எழுதியதை இன்று வாசித்தால் வெபருக்கு அநியாயம் செய்தமாதிரி இருக்கிறது. அவர் அமைதியான, கடுமையான, மிகச் சிறந்த வீரர். 2018 இல் மொன்றியலின் அணித்தலைவரானார். உடைந்த உடம்போடு 2021 இல் அணியை இறுதித் தொடர்வரை இழுத்துக்கொண்டு போனார், அதற்குப் பிறகு ஆடவே முடியவில்லை. 2024 இல் ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். தகுதியான மரியாதை. ஐஸில் மட்டும் பார்த்தால் அந்த மாற்றத்தில் மொன்றியல் ஏமாந்தது என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. 2016 இல் சத்தியம் பண்ணிச் சொன்னேன். அதை மாற்றிக்கொள்கிறேன்.

மாற்றாதது ஒன்று. விளையாட்டுக் காரணம் மட்டும்தான் என்றால், "அவர் குணம் அணிக்குப் பொருந்தாது" என்ற பேச்சை அத்தனை வருடம் காற்றில் விட்டிருக்கத் தேவையில்லை.

2025 ஜனவரி 23

நாஷ்வில். முதல் பருவத்திலேயே 2017 ஸ்ரான்லி இறுதித் தொடர், அந்த அணியின் வரலாற்றில் முதல் தடவை. எதிரே சிட்னி குறொஸ்பியின் பிற்ஸ்பேர்க். முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. சுப்பன் செய்தியாளர் முன் வந்து மூன்றாவதை வெல்வோம் என்று உறுதி சொல்கிறார். 5–1 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தின் கடைசியில் குறொஸ்பியோடு வாய்த்தர்க்கம். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "என் வாய் மணக்கிறதாம்" என்றார் சுப்பன். தான் அப்படிச் சொல்லவேயில்லை என்று குறொஸ்பி மறுத்தார். நாடு முழுக்க வாய் கொப்பளிக்கிற மருந்தைப் பற்றிக் கதை. என் மனைவி ஹொக்கி பார்க்கிறவள் இல்லை. அவளே "அந்த வாய் மணக்கிற பெடியன் இன்றைக்கும் ஆடுகிறானா?" என்று கேட்டாள். ஹொக்கி பார்க்காத வீட்டுக்குள் ஹொக்கியைக் கொண்டுவர அவரால் முடிந்தது. தொடரை ஆறாவது ஆட்டத்தில் பிற்ஸ்பேர்க் எடுத்தது.

அதற்கு முன், 2017 மார்ச் 2, நாஷ்வில் உடையில் மொன்றியல் அரங்கான பெல் சென்ரருக்கு வந்தார். பெரிய திரையில் அவருடைய காட்சிகள் ஓடின. சனம் எழுந்து நின்றது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஆட்டத்தை மொன்றியல் கடைசி நொடிகளில் போல் பைரனின் கோலால் 2–1 என்று வென்றது. வழக்கமாய் அப்படி வென்றால் நான் கத்துவேன். அன்று பாதிதான் கத்தினேன்.

நாஷ்வில்லில் செய்த ஒன்றை யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு சொந்த மண் ஆட்டத்துக்கும் ஒரு பொலிஸ்காரரையும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை ஒன்றையும் சேர்த்து இரவுச் சாப்பாட்டுக்கு அனுப்பி, ஆட்டம் காட்டி, தானும் வந்து சந்திப்பார். அமெரிக்காவில் அந்த வருடங்களில் பொலிசுக்கும் கறுப்பின மக்களுக்கும் நடுவே இருந்த நிலைமையை நினைத்துப் பாருங்கோ.

2025 ஜனவரி 24

நியூ ஜேர்சி பற்றி நான் மறைக்கிறேன் என்கிறார் ஒருவர். மறைக்க ஒன்றுமில்லை. 2019 ஜூன் 22 இல் நாஷ்வில் தன் சம்பளக் கணக்கைக் குறைக்க அவரை அனுப்பியது. அதற்குள் கால் வேகம் குறைந்துவிட்டது. மூன்று பருவமும் பழைய சுப்பன் இல்லை. பின்னாலிருந்து எதிராளியின் காலைத் தட்டி விழுத்துகிற கெட்ட பழக்கத்துக்காக அபராதமும் கட்டினார். அது அசிங்கமான ஆட்டம், நான் நியாயப்படுத்த மாட்டேன்.

2022 ஜனவரியில் தம்பி ஜோர்டனுக்கு, கீழ்நிலை லீக் ஆட்டம் ஒன்றில் எதிராளி ஒருவர் இனவெறிச் சைகை காட்டினார் என்று பெரிய பிரச்சினை வந்தது. அண்ணன் அன்றிரவே பகிரங்கமாய் எழுதினார், லீக் அந்த ஆட்டக்காரரை இடைநிறுத்தியது. அந்தப் பருவ முடிவில் சமூக சேவைக்கான கிங் கிளான்சி விருது. செப்ரெம்பரில் ஓய்வு.

2025 பெப்ரவரி 2

இனி ரிவி. அமெரிக்காவில் ஈ.எஸ்.பி.என் 2021 இல் ஹொக்கி உரிமையைத் திரும்ப வாங்கியது. சுப்பன் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே விருந்தினராய் வந்து போனவர், 2022 நவம்பரில் முழுநேர விமர்சகராய்ச் சேர்ந்தார். மார்க் மெசியருக்குப் பக்கத்துக் கதிரை. மெசியர் ஆறு கிண்ணம் வென்ற ஆள், அளந்து பேசுவார். இவர் அளப்பதில்லை. ஒரு விளையாட்டு முழுக்க "நீ கதைக்காதே" என்று சொல்லி வளர்த்த ஆளை, கதைப்பதற்காகவே சம்பளம் கொடுத்து இருத்தியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய திருப்தி.

பின்வரிசைக்காரர் நல்ல விமர்சகராவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆட்டம் முழுதும் அவர்களுக்கு முன்னால் விரிகிறது. முன்வரிசை ஆள் வலையை நோக்கி ஓடுகிறார், முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பின்வரிசை ஆள் பின்பக்கமாய் ஸ்கேற் ஓடிக்கொண்டே பத்துப் பேரையும் பார்க்கிறார். நாலு முறை கிண்ணம் வென்ற டெனி பொட்வான் இப்படித்தான் ஒலிவாங்கிக்கு வந்தார். நியூ ஜேர்சியில் கென் டனேக்கோ, இங்கே கெவின் பியெக்சா. சுப்பன் திரையில் கோடு போட்டு "இந்தக் கால் இங்கே திரும்பியிருக்க வேண்டும்" என்று காட்டுகிற அரை நிமிடங்களைக் கவனியுங்கோ. கோட்டைப் பார்க்காதேங்கோ, கையைப் பாருங்கோ.

எல்லாம் சரி என்று சொல்லவில்லை. 2023 இல் ஒரு பாடகியின் உடம்பை வைத்து உவமை சொன்னார். வேண்டாத பேச்சு, கண்டித்தவர்கள் சரியாய்த்தான் கண்டித்தார்கள்.

2025 பெப்ரவரி 4

"பின்வரிசையிலிருந்து ரிவிக்கு வந்தவர் என்றால் டொன் செரிதானே" என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். உண்மை, அவரைச் சொல்லாமல் விட முடியாது. செரி கீழ்நிலை லீக்குகளில் வருடக்கணக்காய் ஆடிய பின்வரிசைக்காரர். என்.எச்.எல் இல் ஆடியது ஒரே ஒரு ஆட்டம், 1955 பிளேஓஃபில் பொஸ்ரனுக்காக. பிறகு பொஸ்ரனின் பயிற்சியாளர். 1979 இல் மொன்றியலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் அவருடைய அணி ஐஸில் அளவுக்கு மேல் ஒரு ஆளை நிறுத்திப் பிடிபட்டது. அந்தத் தண்டனை நேரத்தில் கீ லஃப்ளேர் சமன் செய்தார், மேலதிக நேரத்தில் மொன்றியல் வென்றது. செரிக்கு வேலை போனது. கொலராடோவில் ஒரு பருவம் பயிற்சியாளராய் இருந்தார், அதுவும் போய் ரிவிக்கு வந்தார், ஏறத்தாழ நாற்பது வருடம் சனிக்கிழமை இரவுகளை ஆண்டார்.

எனக்கு ஹொக்கி விதி பாதி தெரிந்தது அவர் வாயால்தான். பூப்போட்ட கோட்டு, மேசையில் அடித்துப் பேச்சு. ஆங்கிலம் விளங்காத காலத்திலும் குசினிச் சுவர் ரிவியில் அவரைப் பார்த்து நின்றிருக்கிறேன். 2019 நவம்பரில் அதே மனுஷன், வந்து குடியேறிய சனம் போரில் இறந்தவர்களுக்கான நினைவுதினப் பொப்பிப் பூ வாங்கிக் குத்துவதில்லை என்று சொல்லி, எங்களைப் பார்த்து விரல் நீட்டினார். இரண்டு நாளில் வேலை போனது. வந்த முதல் வருடத்திலிருந்து நான் பொப்பி குத்துகிறவன். அன்றிரவு கோட்டில் இருந்த பூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன். பிறகு திரும்பவும் குத்திக்கொண்டேன்.

சத்தமான கோட்டு போட்ட, வாய் ஓயாத பின்வரிசைக்காரர் என்று பார்த்தால் செரியும் சுப்பனும் ஒரே வகை. செரியின் சத்தத்தை இந்த நாடு நாற்பது வருடம் "நம்ம ஆளின் மனம் திறந்த பேச்சு" என்று ரசித்தது. சுப்பனின் சத்தத்துக்கு வைத்த பெயர் வேறு.

2025 பெப்ரவரி 16

நேற்றிரவு பெல் சென்ரரில் நாலு நாட்டுப் போட்டி, கனடா–அமெரிக்கா. தொடங்கி ஒன்பது செக்கனில் மூன்று சண்டை! அமெரிக்கா 3–1. மகன் கல்கரியிலிருந்து தொலைபேசியில், நான் இங்கே கதிரையில், ஆட்டம் முழுக்க இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே பார்த்தோம். இழைக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் எழுதத் தோன்றியது.

2025 பெப்ரவரி 18

பெப்ரவரி 2 இல் "கதைக்காதே என்ற ஆளைக் கதைக்க இருத்தியிருக்கிறார்கள், எனக்குத் திருப்தி" என்று எழுதினேன். இரண்டு வாரமாய் அது என்னை உறுத்துகிறது. மகனிடம் வாசித்துக் காட்டினேன். அவன் சொன்னான்: "அப்பா, இப்ப இருக்கிற சின்னப் பெடியங்கள் அவரை ரிவிக்காரர் எண்டுதான் நினைக்கிறாங்கள். அவர் எப்பிடி விளையாடினவர் எண்டு ஒருத்தனுக்கும் தெரியாது."

அதுதான். இந்த இழையைத் தொடங்கிய தம்பியின் கேள்வியும் அதுவேதான். 2014–15 பருவத்தில் ஆட்டத்துக்கு 26 நிமிடம் ஐஸில் நின்று 60 புள்ளி எடுத்த ஆள். அந்த 26 நிமிடமும் முக்கால் நிமிடத் துண்டுகளாய், ஒவ்வொன்றும் மூச்சு முட்ட ஓடுவது. அதை அவருடைய பேச்சு மூடிவிட்டது. ஆடின காலத்தில் எதிரிகள் அந்தப் பேச்சைக் காட்டி ஆட்டத்தைச் சின்னதாக்கினார்கள். இப்போது நேசிக்கிறவர்களும் பேச்சைத்தான் முதலில் சொல்கிறோம். நானும் அதையே செய்திருக்கிறேன். திருப்தி என்று எழுதியதைப் பாதி திரும்ப எடுக்கிறேன்.

2023 ஜனவரி 12 இல் கனேடியன்ஸ் அவரை அழைத்து மரியாதை செய்தது, நாஷ்வில்லோடு ஆட்டம் இருந்த இரவு. கேரி பிறைஸ் ஐஸுக்கு வந்தார். இரண்டு பேரும் கையைத் தாழ்த்தி மூன்று தரம் தட்டினார்கள். பத்து வருடத்துக்கு முதல் தடுத்த அதே கைத்தட்டு.

2025 பெப்ரவரி 21

(நேற்றிரவு நாலு நாட்டுப் போட்டி இறுதியாட்டத்தில் கனடா மேலதிக நேரத்தில் 3–2. கோல் மக்டேவிட். தொண்டை அடைத்துவிட்டது.)

தம்பி கேட்டிருக்கிறார்: "சரி அண்ணை, ஒரே ஒரு காணொளி பார்க்கச் சொன்னால் எது?"

2014 மே 6, பொஸ்ரனோடு அதே பிளேஓஃப் தொடரின் மூன்றாவது ஆட்டம், பெல் சென்ரர். விதி மீறியதற்காகச் சுப்பன் தண்டனைப் பெட்டிக்குள் இரண்டு நிமிடம் முடியக் காத்திருக்கிறார். கதவு திறக்கிறது. அதே நேரம் பக் மொன்றியலின் பக்கமிருந்து நடுவுக்கு வருகிறது. எல்லோருக்கும் பின்னால் தனியே அவர் ஒருவர்தான், எதிரே கோலி டூக்கா றாஸ்க் மட்டும். பின்வரிசைக்காரருக்கு வாழ்க்கையில் கிடைக்காத இடம். முதல் இரண்டு தள்ளலில் அந்தத் தோளைப் பாருங்கோ. வர்ணனையாளர் என்ன சொல்கிறார் என்று கேட்காது, அரங்கின் சத்தம் அதை விழுங்கிவிடும். ஒலியைக் குறைக்காதேங்கோ.

நானும் மகனும் அன்று மேல்தட்டில், கடைசிக்கு முதல் வரிசையில் இருந்தோம்.